காளீஸ்வரி அனுப்பிய காதுகுத்து வீடியோ

காளீஸ்வரிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் அவள் தெருவில் பேச்சு. ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டுப் பக்கம் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். சலவை முடிந்து வெள்ளை வெளேரென்று வரும் வலைத்துணியை வெட்டி, எட்டாக மடித்து, நூறு நூறாகக் கட்டுவது அவள் வேலை. கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாய் வேகத்திலும் கிடையாது. பெண்கள் கழிவறைக்குக் கதவு போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று மேனேஜரை கேட்டிலேயே மறித்து, மறுநாளே கதவு போட வைத்தவள். அவள் கணவன் மலைச்சாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளை எதிர்த்துப் பேசினாராம், அதோடு சரி.

அப்படிப்பட்டவளைப் போன மே மாதம் ஒரு பத்து நாள் பார்த்திருக்க வேண்டும். போன் அடித்தால் துள்ளி எழுந்தாள். வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பயம் தெரியாதவர்களுக்குப் பயம் வந்தால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடிப்போவார்கள். காளீஸ்வரி திண்டாடினாள்.

விஷயம் பங்குனி மாதத்தில் தொடங்கியது. மகள் மகாலட்சுமியை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மருமகன் பாலகணேஷுக்குக் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பேரனுக்குக் காது குத்தக் குலதெய்வம் கோயிலில் நாள் குறித்தாயிற்று. காதுகுத்துக்கு ஆடு இல்லாமல்கூட இருக்கலாம், தாய்மாமன் மடி இல்லாமல் இருக்கக் கூடாது. தாய்மாமன் லிங்கேஸ்வரனோ பட்டாளத்தில் இருக்கிறான், வடக்கே எல்லைப் பக்கம். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

"எங்க சித்தப்பா மகன் முறைக்குத் தாய்மாமன்தானம்மா, அவன் மடியில உக்கார வச்சுக்கிருவோம்" என்றாள் மகாலட்சுமி.

"சொந்தத் தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவன் மடியிலயோ ஏன் வைக்கணும்? போன்ல அவன் மூஞ்சியக் காட்டு. அவன் பாக்கப் பாக்கக் குத்துவோம்" என்று காளீஸ்வரி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் அன்றைக்குக் கோயிலில் மலைச்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மடியில் பேரன். பேரனின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த டேப்லெட்டில் லிங்கேஸ்வரன். டேப்லெட்டுக்கும் ஒரு மாலை போட்டார்கள். உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலையா என்று ஒரு கிழவி முணுமுணுத்ததும், கழற்றிக் கீழே வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதுமே பிள்ளை போட்ட அலறலில் கோயில் அதிர்ந்தது. இரண்டாவது காதைக் காட்ட மாட்டேன் என்று முண்டியது.

"மருமவனே, அழாத. இங்க பாரு, மாமா வண்டி காட்டுறேன் பாரு. எம்புட்டுப் பெரிய வண்டி! மேல என்னமோ சுத்துது பாரு!" என்று லிங்கேஸ்வரன் தன் போனைத் திருப்பிவிட்டான்.

பச்சை வலை போர்த்திய ஒரு பெரிய லாரி. அதன் தலையில் கட்டில் அகலத்துக்கு ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு நீளக் கட்டிடம், தூரத்தில் மொட்டை மலை. டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பியதும் பேரன் வாயைப் பிளந்து பார்த்தான். ஆசாரி அந்த நேரம் பார்த்து இரண்டாவது காதையும் குத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இதெல்லாம் பாலகணேஷின் போனில் நாற்பது நிமிஷ வீடியோவாகப் பதிவாகியிருந்தது. அதில் எட்டு நிமிஷத்தை வெட்டி, முதலில் காதுகுத்துப் பத்திரிகையைக் காட்டி, பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றினான். அந்த எட்டு நிமிஷத்தில் லாரியின் தலை மட்டும் ஒரு நொடி வந்துபோனது. பத்திரிகையில் மூன்று போன் நம்பர் இருந்தது. காளீஸ்வரியின் நம்பரும் அதில் ஒன்று.

அப்புறம் மே மாதம் வந்தது. எல்லையில் சண்டை என்று டிவி அலறியது. சண்டை என்றால் ஆளும் ஆளும் துப்பாக்கியோடு நிற்பது என்றுதான் காளீஸ்வரி நினைத்திருந்தாள். இப்போது ஆளே தெரியவில்லை. ஆளில்லாத ட்ரோன்கள் கூட்டங் கூட்டமாக வருகின்றன, ஊர் ஊராக விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். அதை ஓட்டுகிறவன் எங்கோ ஓர் அறையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். எதிரில் நிற்கிறவன் மூஞ்சியைப் பார்த்துத் திட்டக்கூட வழியில்லாத சண்டை என்ன சண்டை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கம்பெனியிலும் அது தெரிந்தது. வழக்கமாக ஒரு லாரி வருகிற இடத்தில் மூன்று லாரி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள். எங்கே போகிறது என்று மேனேஜர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, துணியை மடிக்கும்போது இது யார் மேல் சுற்றப் போகிறது என்று அவள் மனம் கேட்டது. அதற்கப்புறம் மடிப்பு ஒழுங்காக வரவில்லை. பக்கத்து மேஜையில் மடிக்கும் பிரிஸ்கில்லா எதுவும் கேட்காமல் அவள் கட்டுகளைப் பிரித்துத் திரும்ப மடித்து வைத்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அம்மா, நான் லிங்கு."

"ஏய்யா! நல்லா இருக்கியா? இது யாரு நம்பரு?"

"கூட இருக்கவன் நம்பரும்மா. நல்லா இருக்கேன், பயப்படாத. சாப்பிட்டியா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. லிங்கு அப்படிக் கேட்கிற ஜாதி இல்லை. அவளைப் போலவே அவனும் பட்டென்று வெடிக்கிறவன். இரண்டு நிமிஷம் பேசினால் அதில் ஒரு நிமிஷம் எரிந்து விழுவான். சண்டை பிள்ளையைப் பதமாக்கியிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

"அம்மா, செத்த கேளு. அந்தக் காதுகுத்து வீடியோவ எங்க ஆபீசர் பாத்துட்டாரு. நான் தப்பா எதையும் காட்டலன்னு அவருக்குத் தெரியணும்னா முழு வீடியோவும் வேணும். அத்தான்கிட்ட இருக்கும்ல? இந்த நம்பருக்கு உடனே அனுப்பச் சொல்லு. இல்லன்னா எனக்குத் தண்டனை குடுத்துருவாவ."

"ஐயோ, இந்தா சொல்றேன்யா. நீ ஒண்ணும் கவலப்படாத."

"அவசரம் இல்லம்மா. நீ சாப்பிட்டுட்டே சொல்லு" என்றது குரல்.

அவள் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடிவிட்டுப் பாலகணேஷுக்குப் போன் போட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான். வீடியோ பெரிசு, ராத்திரி அனுப்பலாமா என்றான். "எம் பிள்ளை தலை போகுது, உங்களுக்கு நெட்டுத் தீர்ந்துரும்னு கவலையா மாப்ள?" என்று ஒரு போடு போட்டாள். கால் மணி நேரத்தில் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. நீல டிக் விழுந்ததை அவனே அவளுக்குச் சொன்னான். அப்புறம்தான் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஒரு தாயாக அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதியில் நன்றாகவே சாப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு லிங்குவின் சொந்த நம்பரிலிருந்தே போன் வந்தது.

"எதுக்கும்மா மிஸ்டு கால் குடுத்துக்கிட்டே இருக்க? முப்பது மிஸ்டு கால் கிடக்கு! ரெண்டு நாளா போன வாங்கி வச்சிருந்தாவ. இப்பத்தான் ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காவ. என்ன விஷயம், சீக்கிரம் சொல்லு!"

"வீடியோ வந்துச்சாய்யா? ஆபீசர் என்ன சொன்னாரு?"

"என்ன வீடியோ?"

அவள் சொன்னாள். அப்புறம் அவன் பேசியபோது குரல் தணிந்து, ஈரமில்லாமல் இருந்தது.

"அம்மா, நான் உனக்குப் போன் பண்ணவே இல்ல. என் குரல அந்த யூடியூப்ல இருந்து எடுத்து மெஷின்ல செஞ்சிருப்பானுக. யார்கிட்டயும் மூச்சு விடாத. அத்தான் கம்ப்யூட்டர்ல இருக்கத அழிக்கச் சொல்லு. நான் வண்டியக் காட்டுனது தெரிஞ்சா என் வேலை போயிரும். ஜெயிலுக்கும் போவேன். சொல்லாத, சரியா? சொல்லிராத." போன் கட்டாகிவிட்டது.

காளீஸ்வரி துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் வயிற்றில் பிறந்தவன் குரல் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வெட்கம் ஒரு பக்கம். அந்தக் குரலிடம் தான் கொஞ்சிக் கொஞ்சிப் பேசியதை நினைத்து உடம்பு கூசியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த லாரி. பேரனுக்கு அது விளையாட்டு வண்டி. வானத்தில் என்ன வருகிறது என்று பார்க்கும் வண்டி அது என்று லிங்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறான். கண்ணைத்தானே முதலில் குத்துவார்கள்?

வெள்ளிக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். முந்தின நாளே அவள் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்; ஜெராக்ஸ் கடையில் பாலகணேஷ் பேயறைந்தவன் போல் உட்கார்ந்திருந்தான். அழைப்பு வந்த அந்த நம்பர் இப்போது இல்லவே இல்லை.

"வெறும் வீடியோதானே மாப்ள? அது எந்த ஊருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஊர் பேரு எங்கயும் எழுதலயே?"

அவன் தன் போனை எடுத்தான். வீடியோவில் அந்தத் தொட்டியும் மலையும் தெரிகிற இடத்தை மட்டும் படமாகப் பிடித்து வைத்திருந்தான்.

"அத்தே, இத நான் நேத்து எல்லாரும் வச்சிருக்க ஒரு ஆப்லதான் போட்டுக் கேட்டேன். எந்த மாவட்டம்னு சொல்லிருச்சு. என்னைய மாதிரி ஜெராக்ஸ் கடைக்காரனுக்கே இம்புட்டுத் தெரியுதுன்னா, சேட்டிலைட் படம் வச்சிருக்கவனுக்குத் தொட்டியையும் கட்டிடத்தையும் சேத்துப் பாக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

காளீஸ்வரி அந்தப் போனைத் தள்ளிவிட்டாள்.

"போலீசுக்குப் போவோம் மாப்ள."

"அத்தே! லிங்கு வேண்டாம்னுல்ல சொல்லியிருக்கான்? அவன் வேலை போயிரும். அனுப்புனது நானு. என்னையும் பிடிச்சு உள்ள வச்சிருவாவ. உங்க மக, பேரன் எல்லாரும் தெருவுல நிக்கணும். செத்த பொறுங்க, ஒண்ணும் ஆகாது."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கடையை விட்டு இறங்கி நடந்தாள். மூச்சு விடாமல் இருந்தால் பிள்ளையின் வேலை நிலைக்கும். வேலை நிலைத்தாலும் பிள்ளை உயிரோடு நிலைப்பானா? நடந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் நாலு இறக்கையோடு ஒரு ட்ரோன். காளீஸ்வரி அலறிக்கொண்டு பக்கத்துப் பால்கோவா கடைக்குள் பாய்ந்து, தட்டு அடுக்கிய மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆச்சி, வெளிய வாங்க. அது கல்யாண வீட்டு வீடியோக்காரன் விட்டது. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் வருது."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். மேஜைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவளுக்கு வெட்கம் வரவில்லை. விளையாட்டுக்கு விட்டதைப் பார்த்தே நமக்கு இப்படி இருக்கிறதே, அங்கே உண்மையானதுக்கு அடியில் நிற்கிறவனுக்கு ஒளிய மேஜை இருக்கிறதா என்றுதான் தோன்றியது. அவள் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். மலைச்சாமியிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் பாண்டிசெல்வி சின்னப் பெண். "வேற ஆள் குரல்ல போன் வந்துச்சா? எம்புட்டும்மா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே பேப்பரை எடுத்தாள். தினம் நாலு பேர் அப்படி வருவார்கள் போலிருக்கிறது.

"பணம் போகல மேடம்."

"பொறவு?"

காளீஸ்வரி சொன்னாள். பாதியில் பாண்டிசெல்வி பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். போலீஸ்காரி கதவைச் சாத்தியதைப் பார்த்ததும்தான் காளீஸ்வரிக்கு முழுசாக விளங்கியது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"மகன் பேரச் சொன்னா அவருக்கு விசாரணை வரும்மா. தெரியும்ல?" என்றாள் பாண்டிசெல்வி.

"எழுதிக்கங்க மேடம். வேலை இல்லாத பிள்ளைய நான் சோறு போட்டு வச்சுக்கிருவேன். அங்க அவன் ஒருத்தன் மட்டுமா இருக்கான்? எத்தன பேரு பெத்த பிள்ளைக இருக்கு. சீக்கிரமாச் சொல்லிருங்க, இப்பவே சொல்லிருங்க."

இருட்டுவதற்குள் மதுரையிலிருந்து சாதாரணச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். பாலகணேஷின் கம்ப்யூட்டரையும் அவன் போனையும் எடுத்துக்கொண்டார்கள். அவனை மூன்று மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். காளீஸ்வரியின் போனைக் குடைந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், மகன் கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று. "மேலே சொல்லியாச்சு" என்பதைத் தவிர அவர்கள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. மறுநாளே சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் வெடி போட்டார்கள். வெடிச் சத்தத்துக்கு அவள் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிங்குவிடமிருந்து போன் இல்லை.

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள், மூன்று நாள். அவன் நம்பருக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சண்டை நின்றபின் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பேசிவிட்டார்கள். வத்திராயிருப்புப் பக்கத்துப் பையன் ஒருவன் வீடியோவிலேயே வந்து அவன் தாயோடு சிரித்தான் என்று மலைச்சாமி கேள்விப்பட்டு வந்து சொன்னார். மகாலட்சுமி தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, நீ செத்த வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார் மலைச்சாமி. கல்யாணத்துக்கு அப்புறம் அவர் எதிர்த்துப் பேசியது அது இரண்டாவது தடவை. தான் சொல்வதற்கு முன்னமேயே, புதன்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில், அந்தத் தொட்டிப் பக்கம் ஏதாவது விழுந்திருந்தால்? அந்த நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிட்டதாகிவிடும் என்று பயந்தாள்.

ஆறாம் நாள் காலை பத்து மணி. கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். மேஜை மேல் அது நடுங்கி நடுங்கி நகர்ந்தது.

"எடுங்க காளியக்கா" என்றாள் பிரிஸ்கில்லா.

எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"அம்மா."

அவன் குரல்தான். போன தடவையும் அவன் குரல்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா? பேசு."

பேசவில்லை.

"இப்ப ஏன் ஊமையா இருக்க? போலீசுல போய் அம்புட்டையும் ஒப்பிக்கும்போது மட்டும் வாய் நல்லா வந்துச்சோ? சொல்லாதன்னு சொன்னேன்ல? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? நாலு நாளா என்னைய ஒரு ரூம்ல உக்கார வச்சுக் கேட்ட கேள்வியவே கேட்டாவ. இனிமே என்னைய அந்த வண்டிப் பக்கமே விட மாட்டாவ. ஸ்டோர்ல மூட்டை எண்ணப் போட்டுட்டாவ. எல்லாம் உன்னாலதான். மடி வேணும், மடி வேணும்னு ஆடுன ஆட்டம்! உனக்கு யார் பேச்சையாவது கேக்கத் தெரியுமா? பொறந்ததுல இருந்து இதே..."

காளீஸ்வரி மேஜை ஓரத்தைப் பிடித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் பிள்ளை. மூச்சு விடாமல், வாய்க்கு வந்தபடி, தாய் என்றும் பார்க்காமல் திட்டுகிற அவள் பிள்ளை. உயிரோடு இருக்கிறான். முதலில் வந்த அந்தப் போலிக் குரல் அவ்வளவு பொறுமையாகப் பேசியதே, சாப்பிட்டுட்டே சொல்லு என்றதே. காதுகுத்து வீடியோவில் அவன் சிரித்துக் கொஞ்சியதை மட்டும் கேட்டுப் படித்த குரல் அது. இந்தக் கோபத்தை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்தினாள். திட்டுய்யா, இன்னும் கொஞ்சம் திட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிரிஸ்கில்லா என்னமோ ஏதோவென்று பதறி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எட்டு நிமிஷம் கேட்டு அவன் கொஞ்சலைக் கற்றுக்கொண்டவன், இதையும் கேட்டுக்கொண்டிருந்தால்? யார் கண்டது? இந்தப் போனிலேயே எங்காவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த தடவை வருகிறது இப்படியே திட்டும். இதே வார்த்தையைச் சொல்லும். அப்புறம் தன் பிள்ளையை எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள்?

"...என்னைக்காவது நான் சொன்னத நீ..." என்று லிங்கேஸ்வரன் கத்திக்கொண்டிருந்தான்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உடனே திரும்ப அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைத் துணிக் குவியலுக்குள் ஆழமாகத் தள்ளி, மேலே இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டாள்.